வரைபடத்துக்கு முன்னால்

சமையலறை வடிவமைத்துத் தரும் அந்த அலுவலகத்தில், வரைபடம் போடுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் நிறையக் கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் கேள்விப் படிவத்தை எடுத்துவைத்தாள். எதிரே இருந்த பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காலைல காபியா, டீயா சார்?"

"காபிதாம்மா. கொஞ்சம் கசப்பா."

"நின்னு சமைச்சா இடுப்பு வலிக்குமா?"

"வலிக்காம? பழைய வண்டியாச்சே."

"நடுவுல பசிச்சா ஏதாவது கொறிப்பீங்களா?"

"பிஸ்கட். டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துடாதே."

அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

உள்ளேயிருந்து வந்த மேலாளர் அவரைப் பார்த்ததும் நின்றார். "சார், உங்க கிச்சனைப் போன வருஷமே முடிச்சுக் குடுத்துட்டோமே. ஏதாவது ரிப்பேரா?"

"ஒரு குறையும் இல்லப்பா." பெரியவர் படிவத்தையே பார்த்தார். "அதுக்கப்புறம் என்னை யாரும் இதெல்லாம் கேக்கலை. நீ கேளும்மா."