தள்ளுபடிக் கணக்கும் பிதுக்கம்பருப்பும்

"டி," என்றாள் வித்யாலட்சுமி, தலையை நிமிர்த்தாமல்.

மறுபடியும் தப்பு.

புடவையின் விலை இரண்டாயிரம். முதலில் இருபது சதவீதம் தள்ளுபடி, குறைந்த விலையில் மேலும் பத்து சதவீதம். கடைசியில் என்ன விலை? ஆயிரத்து நானூற்று நாற்பது. அது 'பி'.

ஜெயராமன் லேப்டாப்பில் அடுத்த கேள்வியைத் தேடினான். எதிரே அவன் மனைவியின் முன்னால் பாத்திரம் நிறைய ஊறிய அவரைக்கொட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை, அவரை சீசன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் பாதி வீடுகளில் இந்நேரம் இதே வேலைதான் நடந்துகொண்டிருக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு தட்டில் போய் விழும். கை அதன் வேலையைப் பார்க்கட்டும், வாய் பதில் சொல்லட்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவன் அவன்தான்.

சனிக்கிழமை தேர்வு.

அதில் நல்ல மதிப்பெண் வந்தால் அவளுக்குக் கனடாவில் மேல்படிப்பு, அவளைப் பிடித்துக்கொண்டு அவனுக்கும் அங்கே வேலை. வராவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. கன்சல்டன்சியில் இருவருடைய சான்றிதழ்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அவனுடையதைவிட மேடம் ஃபைல்தான் ஸ்ட்ராங் என்று சொல்லிவிட்டார்கள். அன்று கொஞ்சம் வலித்தது. ஆனாலும் கனடா கனடாதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே கேட்டான். டொராண்டோவா, வான்கூவரா? செப்டம்பரா, ஜனவரியா? டொராண்டோ என்றாள். செப்டம்பர் என்றாள். அடுத்த வாரமே அவன் குளிருக்கு இரண்டு ஜாக்கெட் வாங்கிவிட்டான், அதுவும் தள்ளுபடியில். பெங்களூரில் எந்தக் குளிருக்கும் அதைப் போட முடியாது. பீரோவில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு தொங்குகிறது.

அடுகோடியில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. கேள்வி எழுதுவது சுலபம், தப்பு விடை எழுதுவதுதான் கஷ்டம். இருபதையும் பத்தையும் கூட்டி முப்பது என்று அவசரப்படுகிறவனுக்காக ஆயிரத்து நானூறு என்று ஒரு பொறி. விலையைக் கேட்டால் தள்ளுபடியைக் கண்டுபிடித்துவிட்டுச் சந்தோஷமாக எழுந்து போகிறவனுக்காக ஐந்நூற்று அறுபது என்று இன்னொன்று. மிச்சமிருக்கும் இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று எதையாவது போட்டு நிரப்புவான். எந்தத் தப்பைச் செய்தாலும் அந்த எண் வராது.

வித்யா சொன்ன 'டி' அந்த எதையாவதுதான்.

"இருபத்தஞ்சு பர்சென்ட் தள்ளுபடி போக குக்கர் ஆயிரத்து எண்ணூறு. ஒரிஜினல் விலை என்ன?"

"ஏ."

அதுவும் சும்மா நிரப்பிய எண்.

"பர்சென்டேஜ் மட்டும் எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குதுங்க," என்றாள். ஒரு மாதமாக இதைத்தான் சொல்கிறாள்.

அவனும் நம்பிக்கொண்டுதான் இருந்தான். நேற்று பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களுக்குக்கூட நாலில் ஒன்று சரியாக விழும். இந்த ஒரு மாதத்தில் தள்ளுபடிக் கணக்கில் அவளுக்கு ஒன்றுகூட விழவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததைப் படித்தான். ஒரு சூட்கேஸ் ஐயாயிரம். பத்து சதவீதம் தள்ளுபடி, குறைந்த விலையில் மேலும் இருபது. ஏ, மூவாயிரத்து ஐந்நூறு. பி, ஆயிரத்து நானூறு. சி, நாலாயிரத்து நூற்று இருபது. டி, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

அவள் புருவம் சுருங்கியது.

"என்னங்க, இதுல ஆன்சரே இல்லையே. மூவாயிரத்து அறுநூறுதானே வரணும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கை அப்படியே நின்றது. விரலிடுக்கிலிருந்த பருப்பு துள்ளி மேஜைக்கு அடியில் ஓடியது. இரண்டு பேரும் குனியவில்லை.

கீழே தெருவில் கீரைக்காரர் கன்னடத்தில் "சொப்பு, சொப்பு" என்று கூவிக்கொண்டு போனார்.

சரியான விடையை விட்டுவிட்டுக் கேள்வி அனுப்பினால் ஆபீஸில் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள். அந்தத் தப்பை ஜெயராமன் இதுவரை செய்ததில்லை. இந்தக் கேள்வியைக் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே உட்கார்ந்து எழுதினான். தான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும், அவள் வழக்கம்போல எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எழுதினான்.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. கனடா கையை விட்டுப் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் வந்தது வெட்கம். கூடவே உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு மாதம் முழுவதும், அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

லேப்டாப்பை மூடினான்.

"போக இஷ்டமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வித்யா."

அவள் கையிலிருந்த தோலை ஓரமாக ஒதுக்கிப் போட்டாள். அடுத்த கொட்டையை எடுத்தாள். உடனே பிதுக்காமல் விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"டொராண்டோவா வான்கூவரான்னுதானேங்க கேட்டீங்க."