எழுபது கிலோ

"ஏறி உட்காருங்க. உங்க வெயிட்டோட வச்சாத்தான் தரையிலேர்ந்து காரோட உயரம் சரியா வரும்," என்றாள் மனைவி, கையில் ஸ்பேனருடன். பந்தயக் காரை ஓட்டுவது அவன், மெக்கானிக் அவள்.

"ஆபீஸ்ல கூப்பிடறாங்க. சீட்டுல மணல் மூட்டைங்கள வச்சுக்கோ. எழுபது கிலோ." அவன் நழுவினான்.

ஆறு மாதமாக ஜிம்முக்கென்று கிளம்பிப் பேக்கரியில் உட்கார்ந்தவன். எடை மெஷின் இருந்த திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

போன பந்தயத்துக்கும் எழுபது என்றுதான் சொல்லியிருந்தான். மூன்றாவது வளைவில் கார் தாழ்ந்து, அடித்தட்டு தரையில் உரசி, பாதியிலேயே வெளியேறினான். இன்னொரு முறை அப்படி நடந்தால் ஓட்டுவதையே விட்டுவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மூன்றாவது வளைவு வந்தது. உரசவில்லை. பத்துச் சுற்றிலும் உரசவில்லை. முதல் முறையாகப் பந்தயத்தை முழுசாக முடித்தான்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது அவன் தலைகால் புரியாமல் இருந்தான். உண்மையிலேயே இளைத்துவிட்டோம் என்று அவனே நம்பிவிட்டான்.

"பாத்தியா? எழுபதுன்னா எழுபதுதான். காரே சாட்சி சொல்லிடுச்சு!"

"ஆமாங்க," என்றாள் அவள். "அன்னிக்கு சீட்டுல வச்ச மூட்டைங்க அப்படியே கீழ கிடக்கு. எல்லாத்தையும் எடுத்து அலமாரில வச்சிடுங்க. ஒண்ணொண்ணும் பத்து கிலோ, பாத்துத் தூக்குங்க."

விசிலடித்துக்கொண்டே தூக்கினான். ஏழாவது மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பியவனுக்கு விசில் நின்றது.

கீழே இன்னும் இரண்டு இருந்தன.