காய்க்காத அலரி

காலை வெயில் முற்றத்து மஞ்சள் அலரியில் விழுகிறது. தவமலர் கொப்புகளை வளைத்துப் பூப் பிடுங்குகிறாள். காம்புப் பால் விரல்களில் ஒட்டுகிறது. அவள் கணவர் பரஞ்சோதி விறாந்தைக் கட்டிலில் கிடந்து பார்க்கிறார். வயிற்றில் புற்றுநோய். யுத்தத் தடையால் நோவை அடக்கும் மருந்து எதுவும் வவுனியாவைத் தாண்டி வட்டக்கச்சிக்கு வருவதில்லை. அலரி விதை ஆளைக் கொல்லுமென்று இருவருக்கும் தெரியும். அந்த விதையைத் தரச்சொல்லி அவர் கேட்ட நாளிலிருந்து ஒரு பூவையும் அவள் காய்க்க விடுவதில்லை. அயலட்டைச் சனம் அதைப் பக்தி என்கிறது. "இஞ்சேரும்," என்கிறார், முனகலுக்கிடையில். "சாமிக்கு இண்டைக்கு ஒரு பூக் குறைஞ்சால் என்ன?" அவள் திரும்பாமல் நிற்கிறாள். உச்சிக் கொப்பில் ஒரேயொரு பூ மிச்சமிருக்கிறது. அந்தக் கொப்பையும் வளைத்துப் பூவைப் பிடிக்கிறாள். "எட்டுதில்லையப்பா," என்கிறாள். இன்னும் பிடுங்காத அந்தப் பூ அவள் விரல்களுக்கிடையில் இருக்கிறது.