நானூறு டாலரா, இரண்டாயிரத்து எண்ணூறா

மூன்றாவது ஸ்கோப்பைக் கண்ணில் வைப்பதற்கு முன் வெண்டல் தொண்டையைச் செருமி, தோளை நிமிர்த்தி, பதவியேற்கப் போகிறவன் போல நின்றான்.

டெல்மரின் துப்பாக்கிக் கடையில் ஜனவரியிலிருந்து நடக்கிற கூத்து இது. சனிக்கிழமையானால் வெண்டல் வருவான். துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கிற மூன்று ஸ்கோப்புகளையும் மேசையில் எடுத்து வைக்கச் சொல்வான். வாசல் வழியாகத் தெருக்கோடியைப் பார்ப்பான். பெருமூச்சு விடுவான். ஒரு பெட்டித் தோட்டாகூட வாங்காமல் கிளம்பிவிடுவான்.

ஒன்று நானூறு டாலர். இன்னொன்று ஆயிரத்து நூறு. மூன்றாவது இரண்டாயிரத்து எண்ணூறு. அதைப் பொருத்தப்போகிற துப்பாக்கியின் விலையே தொள்ளாயிரம்தான்.

ஊரில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். துப்பாக்கிக்கு எவ்வளவோ அவ்வளவு ஸ்கோப்புக்கும் போட வேண்டும் என்றார் காபிக் கடையில் ஒருவர். அதுபோல இரண்டு மடங்கு என்றார் தீவனக் கடையில் இன்னொருவர். இந்த இரண்டு பேரும் கடைசியாக எல்க் மான் அடித்தது எந்த வருஷம் என்று வெண்டல் கேட்கவில்லை. கேட்டால் அதே கேள்வி அவன் பக்கம் திரும்பும்.

குளிர்காலம் முழுக்க அவன் போனில் படித்ததெல்லாம் ஸ்கோப்தான். ஆயிரம் கெஜத்தில் காற்று இடப்பக்கம் அடித்தால் ஸ்கோப்பின் குமிழை எத்தனை சொடுக்கு திருப்ப வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இதுவரை அவன் அடித்ததில் அதிகத் தூரம், வேலிக்கம்பத்தின் மேல் வைத்த பெயின்ட் டப்பா. நூற்றிருபது கெஜம். அதுவும் நாலாவது தோட்டாவில்.

ஸ்கோப்பை முடிவு செய்யாமல் வேட்டைக்கு மனுப் போட முடியாது என்பது அவன் கட்சி. பெரிய ஸ்கோப் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பொட்டல் மேடுகளுக்கு மனுப் போடலாம். அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணூறு கெஜத்தில் சுட வேண்டியிருக்கும். சின்னது என்றால் பைன் காடுதான். அங்கே எல்க் எண்பது கெஜத்தில் எதிரே நிற்கும், ஆனால் அந்த இடம்வரை மலையேற வேண்டும். வெண்டலின் வலது முட்டி மலையேற மறுத்து இரண்டு வருஷமாகிறது.

மனுப் போட்டவர்களில் யாருக்கு வேட்டை பெர்மிட் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள். ஒன்பது வருஷமாக அந்தக் குலுக்கலில் அவன் பெயர் விழவில்லை. விழாத வருஷத்துக்கு ஒரு புள்ளி வீதம் ஒன்பது புள்ளி சேர்ந்திருந்தது; புள்ளி ஏற ஏற வாய்ப்பும் ஏறும். இந்த ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு துரதிர்ஷ்டம் கிடையாது. இந்த முறை மனுப் போட்டால் பெர்மிட் கைக்கு வந்த மாதிரிதான். டிசம்பரில் முட்டியை அறுத்து மாற்றப் போகிறார்கள். அதற்குள் ஒரே ஒரு கொம்பன் எல்க்கையாவது அடித்துவிட வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டான். அந்த ஆசையில் மட்டும் கேலி செய்ய ஒன்றுமில்லை.

"இன்னிக்காவது ஒரு முடிவுக்கு வா வெண்டல். என்னைக் கட்டிக்கறதையே நீ ஒரே வாரத்துல முடிவு பண்ணினே," என்றாள் கூட வந்திருந்த அவன் மனைவி ஆர்டித். மனுப் போட்டாயா என்று கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது.

"அதுல பட்டவன்தானே, இதுல நிதானமா இருக்கான்," என்றான் டெல்மர்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இன்னிக்கு வாங்கறேன். வீட்டுக்குப் போன கையோட மனுவையும் போடறேன்."

முதல் இரண்டையும் பார்த்தாகிவிட்டது. நானூறு டாலரில் தெருக்கோடி வனவிலங்குத் துறை அலுவலகம் தெரிந்தது. அதன் வாசல் அறிவிப்புப் பலகையில் போன வாரம் இல்லாத தாள் ஒன்று இருப்பதும் தெரிந்தது. ஆயிரத்து நூறில் பலகையின் மேல்வரி 'எல்க்' என்று பெரிதாகக் கிடைத்தது. அதற்குக் கீழே எல்லாம் கலங்கல்.

இப்போது மூன்றாவது. குமிழை மெல்லத் திருப்பினான்.

பலகை கடைக்குள்ளேயே வந்து நின்றது. ஆணியைச் சுற்றியிருந்த துருகூடத் தெரிந்தது. வெண்டல் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கீழ்வரிகளைப் படித்தான்.

எல்க் மனுக்கள் ஏப்ரல் ஒன்றுடன் முடிந்தன. மூஸ் மான் மனுக்களுக்குக் கடைசி நாள் மே ஒன்று.

மே ஒன்று என்றுதான் அவன் மண்டையில் பதிந்திருந்தது. இன்று ஏப்ரல் இரண்டு.

இன்னொரு தடவை படித்தான். நல்ல கண்ணாடி, ஓர் எழுத்துகூட மங்கவில்லை. ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து எடுத்தால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் எடுக்காமலே நின்றான்.

"எப்படி இருக்கு?" என்றான் டெல்மர்.

"தெளிவா இருக்கு."

"பின்னே? ரெண்டாயிரத்து எண்ணூறு சும்மாவா? பெட்டியில போட்டுரவா?"

வெண்டல் அதை அலுங்காமல் மேசையில் வைத்தான். ஆர்டித்தின் பக்கம் திரும்பவில்லை. நானூறு டாலர் ஸ்கோப்பை எடுத்து மறுபடியும் தெருக்கோடியைப் பார்த்தான். பலகை இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

"இதையே குடு டெல்மர்," என்றான். "இவ்வளவு தெரிஞ்சாப் போதும்."