ஏறாத புருவம்

குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த மறுநாள் காலையில், தென்காசிப் பண்ணையார் ஆவுடைநாயகம் பிள்ளைக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கவாதமோ என்று பயந்து, மகள் முத்துவடிவு டாக்டர் நயினாரை வரவழைத்தாள்.

"ஐயா, பல்லைக் காட்டுங்க."

"எவங்கிட்டயும் பல்லைக் காட்டுத பரம்பரை இல்ல வே இது!"

"சரி, கண்ணை இறுக்கி மூடுங்க."

"நான் கண்ணை மூடணும்னுதான் வந்தீராக்கும்?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"உங்க மகளை எனக்குக் கட்டித் தாங்க."

"என்னது?"

பிள்ளையின் வலது புருவம் விருட்டென்று ஏறியது. இடது புருவம் அசையவே இல்லை.

டாக்டர் சிரித்தார். "பயப்படாதீங்க. பக்கவாதம்னா ரெண்டு புருவமும் ஏறியிருக்கும். இது முகத்து நரம்புல மட்டும் வந்த கோளாறு. பெரும்பாலும் தானாவே சரியாயிரும்."

"அப்போ என் மகளைக் கேட்டது?"

"அது... புருவத்தைப் பார்க்கத்தான் கேட்டேன். மன்னிச்சிருங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற முத்துவடிவு விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"அப்போ போன வாரம் அருவிக்கரையில எங்கிட்டக் கேட்டதும் புருவத்தைப் பார்க்கத்தானா?"

பிள்ளையின் வலது புருவம் மறுபடியும் ஏறியது.