எருமைகள் இறங்கும் கரை

ஒரு குளத்துக்குக் கிழக்குக் கரை மட்டுமே சரிவாக இருந்தது. மேற்கே கொட்டகையில் வாழ்ந்த எருமைகள் குளத்தைச் சுற்றி வந்து அந்தச் சரிவில்தான் இறங்கும். அங்கேதான் தவளையின் தலைப்பிரட்டைகள் நீந்தின. தினமும் பல மிதிபட்டுச் செத்தன.

"அண்ணே, என் பிள்ளைங்க சாகுதுங்க. இங்கே இறங்காதீங்க" என்று கத்திக் கத்தித் தவளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"ஐயோ பாவம்!" என்று மூத்த எருமை கண்கலங்கியது. மறுநாளும் அங்கேயே இறங்கியது.

அன்றைக்குத் தவளை கத்தவில்லை. எருமையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பன்றியிடம் போனது.

"தம்பி, கொட்டகைக்கு எதிரே செங்குத்தா நிற்குதே மேற்குக் கரை, அது முழுக்கக் கோரைக்கிழங்கு!"

"முன்னமே சொல்லக் கூடாதா அக்கா?" என்று பன்றி ஓடியது. கிண்டிய கிண்டலில் கரை சரிந்து, நல்ல இறக்கமாகிவிட்டது.

மறுநாள் காலை எருமைகள் கொட்டகையிலிருந்து நேராக மேற்குக் கரையில் இறங்கின.

"என்னண்ணே, இந்தப் பக்கம்?" என்றது தவளை.

"யார் சொல்லியும் கேட்கிற ஆள் நான் இல்லை. எனக்கு எப்பவுமே மேற்குதான் பிடிக்கும்" என்றது மூத்த எருமை.

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

அந்த மழைக்காலத்தில் கிழக்குக் கரையில் கால் முளைத்த குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் கரையேறி இரவெல்லாம் கத்தின. எருமைகளால் கண்மூட முடியவில்லை.