சொல்லிக்கொள்ளாமல்

அரிமளத்து வீட்டுக்குள் ஆனந்தராஜ் நுழைந்ததுமே, மனைவி புவனேஸ்வரி வயலினும் கையுமாகப் பொரிந்தாள்.

"எதிர்வீட்டுக் காத்தாயி அக்காவுக்கு மரியாதையே தெரியலைங்க! ஒக்கார வச்சு ஒரு ஜப்பான்காரர் எழுதுன இசையை வாசிச்சுக் காட்டுனேன். முடிஞ்சதும் ‘வாரேன்’னுகூடச் சொல்லாம எந்திரிச்சுப் போறாங்க. என் வயலின் வாத்தியார் என்னடான்னா, நான் அதை வாசிச்சதைக் கேட்டுட்டு ‘சுருதி சுத்தம், உயிர்தான் இல்லை, மேடைக்கு வேணாம்’ங்கிறாரு!"

"அது எதைப் பத்துன இசை?"

"செத்துப்போன கூட்டாளிக்காக அவரு எழுதுனது."

"அக்காகிட்ட அதைச் சொன்னியா?"

"இல்லையே."

"அப்புறமென்ன? எழவு வீட்டுல யாரு ‘போயிட்டு வாரேன்’னு சொல்லுவா?"

புவனேஸ்வரி விருட்டென்று போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"வாத்தியாருக்கு! சொல்லாமலே அக்காவுக்கு எழவு வீடுன்னு தெரிஞ்சிருக்கு. உயிர் இல்லையாமே, உயிர்!"